22 சதவீதத்திலிருந்து சட்டென்று 6-க்கு விழுந்தால்

பேட்டரி போய்விட்டது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். உங்கள் எலக்ட்ரிக் வண்டியில் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி, தினமும் 80 சதவீதம் வரைதான் சார்ஜ், மேம்பாலம் ஏறும்போது சார்ஜ் 22-லிருந்து 6-க்கு விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது கணக்குப் பிழை.

பேட்டரிக்குள் போகிற, வெளியே வருகிற கரண்ட்டைக் கூட்டிக் கழித்துத்தான் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு) சதவீதம் சொல்கிறது. சென்சாரின் சின்னப் பிழை நாள்பட நாள்படச் சேர்ந்துவிடும். என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) வகை செல்லாக இருந்தால் வோல்டேஜைப் பார்த்து அவ்வப்போது திருத்திக்கொள்ளும். எல்எஃப்பியில் அது கஷ்டம்: 40 சதவீதத்திலும் 60 சதவீதத்திலும் ஓய்வில் இருக்கும் செல் கிட்டத்தட்ட அதே 3.3 வோல்ட்தான் காட்டும். மேலும் கீழும் இரண்டு முனைகளில்தான் வோல்டேஜ் தெளிவாக மாறும். 80-லேயே நிறுத்துவதால் மேல் முனையை பிஎம்எஸ் பார்ப்பதே இல்லை.

வீட்டுச் சார்ஜரில் 100 வரை ஏற்றுங்கள். 100 காட்டியதும் பிளக்கைப் பிடுங்காமல் தானாக நிற்கும்வரை விடுங்கள். பல வண்டிகளில் செல்கள் எல்லாம் ஒரே அளவு சார்ஜுக்குச் சமன்படுவது அந்த நேரத்தில்தான். அப்புறம் வழக்கம்போல ஓட்டி, 20-ஐ ஒட்டி எப்படி இறங்குகிறது என்று கவனியுங்கள். வேண்டுமென்றே 0 வரை இறக்காதீர்கள்.

சில முறை இப்படிச் செய்தும் அதே இடத்தில் விழுந்தால், சார்ஜ் குறைவாக இருக்கும்போது வண்டியை ஓட்டிப் பார்த்து ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் எடுக்கச் சொல்லி சர்வீஸில் கேளுங்கள். ஒரு செல் மட்டும் மற்றதைவிட நன்றாகத் தாழ்ந்தால் பலவீனம் அங்கேதான். அந்த ரீடிங்கை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாரண்டிக்கு உதவும்.