பழகிவிடுவாள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

எனக்கு 71 வயது, மனைவிக்கு 66. கும்பகோணத்தில் அப்பா காலத்து வீடு. மகன் டல்லஸில், மகள் பெங்களூரில். போன ஐப்பசி மழையில் கொல்லைப்புறம் போகும்போது வழுக்கி விழுந்துவிட்டேன். எலும்பு முறியவில்லை, ஆனால் மகன் பயந்துபோனான். வீட்டை விற்றுவிட்டுக் கோவைப் பக்கம் முதியோர் குடியிருப்பில் வில்லா வாங்கச் சொல்கிறான். நானும் போய்ப் பார்த்தேன். சாப்பாடு, கோயில், ஆம்புலன்ஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. முன்பணம் கட்டியிருக்கிறேன். மகள் “என்னோடு வந்து இருங்கள்” என்கிறாள். சொந்தக்காரர்கள் “பெற்ற பிள்ளைகள் இருக்கும்போது ஹோமுக்கா?” என்கிறார்கள். மனைவிக்கு அவ்வளவு இஷ்டமில்லை, போனால் பழகிவிடுவாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்), கும்பகோணம்

*

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் மகன் பேசுகிறார், மகள் பேசுகிறார், சொந்தக்காரர்கள்கூடப் பேசுகிறார்கள். அம்மா மட்டும் பேசவில்லை. அவருக்குப் பதிலாக நீங்கள் ‘பழகிவிடுவாள்’ என்கிறீர்கள். வில்லாவைப் பார்க்க அவரை அழைத்துப் போனீர்களா? ‘நானும் போய்ப் பார்த்தேன்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

சொல்லக் கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். அவர் உங்களைவிட ஐந்து வயது இளையவர். பெண்களுக்குப் பொதுவாக ஆயுளும் கூடுதல். நீங்கள் இன்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் கடைசிச் சில வருடங்கள் தனியாக இருக்கப்போவது பெரும்பாலும் அவர்தான். அப்படியென்றால் இந்த விஷயத்தில் அவர் சொல்லுக்குத்தான் எடை அதிகம்.

என் சித்தப்பாவும் சித்தியும் இதேபோல் கோவைக்கு மேற்கே ஒரு குடியிருப்புக்குப் போனார்கள். முதல் நான்கு வருடம் சொர்க்கம். காலையில் நடை, மாலையில் கேரம். பிறகு சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் நிர்வாகம் மரியாதையாகவே சொன்னது, தானாக நடமாட முடிகிறவர்களுக்கு மட்டும்தான் அங்கே இடம் என்று. ஒப்பந்தத்தில் அது இருந்தது. யாரும் அந்தப் பக்கம்வரை படிக்கவில்லை. ஊரின் மறுகோடியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவரைச் சேர்த்தோம். எழுபது வயதுச் சித்தி தினமும் சின்ன எவர்சில்வர் தூக்கில் ரசம் எடுத்துக்கொண்டு, காந்திபுரத்தில் பஸ் மாறிப் போய்வந்தார். மூடி கழன்று ஒருநாள் புடவையெல்லாம் ரசமானதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால் அந்தக் குடியிருப்புக்காரர்களிடம் கோயிலைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒருவர் படுத்த படுக்கையானால் அதே வளாகத்தில் வைத்துப் பார்ப்பார்களா, இராத்திரி இரண்டு மணிக்கு மணியடித்தால் வருவது நர்ஸா வாட்ச்மேனா, ஞாபகம் தப்பினால் என்ன செய்வார்கள், ஒருவர் போனபின் மற்றவர் கட்ட வேண்டிய மாதப் பணம் குறையுமா என்று கேளுங்கள். வாயால் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். கட்டிக்கொண்டிருக்கும் திட்டம் என்றால், வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் 2016ஆம் வருடத்து அந்தச் சட்டம் செங்கலுக்குத்தான் காவல். கஞ்சி சூடாக வருகிறதா என்று அது பார்க்காது. இன்னொன்று, இந்த வில்லாக்களில் பலவற்றில் குடியிருக்க வயது வரம்பு உண்டு. உங்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்குச் சொத்து சேரும், ஆனால் அவர்கள் அங்கே குடியிருக்க முடியாமல் போகலாம். விற்பதென்றாலும் வயதானவர்களாகப் பார்த்துத்தான் தேட வேண்டும். வாங்கத்தான் வேண்டுமா? வாடகைக்குக் கிடைத்தால் முதலில் இரண்டு மாதம் இரண்டுபேரும் இருந்து பாருங்கள்.

மகள் வீட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கூப்பிடுகிற மனசு பெரிது. பகலெல்லாம் எல்லோரும் வேலைக்குப் போய்விட, மொழி தெரியாத ஊரில் பூட்டிய ஃபிளாட்டில் இரண்டுபேர் உட்கார்ந்திருப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்களை விடுங்கள். அவர்கள் யாரும் பெட்பேன் எடுக்க வரப்போவதில்லை.

நீங்கள் விட்டுவிட்ட ஒரு வழி இருக்கிறது. நீங்கள் விழுந்தது வயதால் மட்டுமில்லை, கழிவறை கொல்லையில் இருப்பதாலும்தான். அதை உள்ளே கொண்டுவந்து, சுவரில் கைப்பிடி அடித்து, வழுக்காத தரை போட்டால் இந்த வீட்டிலேயே இன்னும் சில வருடங்கள் ஓட்டலாம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபியும் உண்டு. ஆள் வைப்பதானால் ஏஜென்சி ‘நர்ஸ்’ என்று அனுப்புகிறவர் படித்த நர்ஸ்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல சமயம் அவர் ஆயாதான். குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்ட அவரே போதும். ஊசி போட, மூக்குக் குழாய் பார்க்கப் போதாது.

கடைசியாகப் பத்திர விஷயம். எங்கே போனாலும், பிள்ளைகள் பெயருக்கு வீட்டைச் செட்டில்மென்ட், அதாவது இப்போதே சொத்தை அவர்களுக்கு மாற்றிக்கொடுக்கும் பத்திரம், எழுதிவிட்டுப் போகாதீர்கள். உயிலை உயிருள்ளவரை மாற்றலாம், செட்டில்மென்டை நினைத்தபடி மாற்ற முடியாது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவில் அதை ரத்துசெய்ய இடமிருக்கிறது. ஆனால் ‘எங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்தது, அதன்படி நடக்கவில்லை என்று கோட்டாட்சியர் முன்னால் நிற்க வேண்டும். பெற்ற மகனை எதிர்த்து அந்த வராந்தாவில் உட்கார உங்களால் முடியாது, கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

முன்பண ரசீதை எடுத்து, எந்தத் தேதிவரை பணம் திரும்பக் கிடைக்கும் என்று பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை கோவைக்குப் போய்வாருங்கள். விற்பனைக்காரரிடம் கேள்விகளை அவரே கேட்கட்டும்.