சிறைவாசிகளுக்குச் சிந்தனைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் எப்படித் தரப்படுகின்றன?

கனடாவில் 1980களில் ராபர்ட் ராஸும் எலிசபெத் ஃபபியானோவும் உருவாக்கிய 'ரீசனிங் அண்ட் ரீஹேபிலிடேஷன்' (பகுத்தறிதலும் மறுவாழ்வும்) என்ற பயிற்சியில் இருந்து தொடங்கலாம். 38 அமர்வுகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், குழுவுக்கு ஆறு முதல் பன்னிரண்டு பேர். இங்கிலாந்துச் சிறைகளில் பிறகு வந்த 'என்ஹான்ஸ்டு திங்கிங் ஸ்கில்ஸ்' (மேம்பட்ட சிந்தனைத் திறன்கள்) என்ற பயிற்சிக்கு 20 அமர்வுகள்தான் இருந்தன.

இவற்றில் நீதிபோதனை கிடையாது. கோபம் வருவதற்கும் கை ஓங்குவதற்கும் நடுவில் நின்று யோசிக்கப் பழக்குவதுதான் வேலை. "ரேடியோ சத்தத்தைக் குறை" என்று அறைக்கூட்டாளி எரிந்து விழுகிறார் என்று வையுங்கள். முழுசாகக் கேள், புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள், குறை நியாயமா என்று பார், பிறகு ஒப்புக்கொள், மறு, அல்லது வேறு வழி சொல். இந்த நான்கு படிகளைப் பயிற்றுநர் முதலில் நடித்துக் காட்டுவார். அடுத்து இருவர் நடிக்க, மற்றவர்கள் கவனிப்பார்கள். "நல்லா பண்ணினான்" என்ற பாராட்டால் பயனில்லை. எந்தப் படி விட்டுப்போனது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் மூன்றாவதுதான்!

எடுத்த எடுப்பிலேயே அவரவர் வழக்கை உதாரணமாக எடுக்கக்கூடாது. உடனே சிந்தனை நின்று, வாதாடுவது ஆரம்பித்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் தாளை நீட்டினால் அவமானத்தை மறைக்கக் கலாட்டா செய்வார். படம், பேச்சு, விளையாட்டு மூலமே நடத்துங்கள்.

அடிப்படை பழகியபின் பட்டிமன்றம் வைக்கலாம், ஆனால் தனக்குப் பிடிக்காத பக்கத்தைப் பேச வைக்க வேண்டும். 2015இல் ஹார்வர்டு மாணவர்களைத் தோற்கடித்த நியூயார்க் சிறைவாசிகள் (பார்டு கல்லூரியின் சிறைத் திட்ட மாணவர்கள்) தாங்கள் ஏற்காத பக்கத்துக்காகவே வாதாடினார்கள். இணையம் இல்லாமல், சிறை அனுமதித்த புத்தகங்களை வைத்தே தயாரானார்கள். உங்கள் குழுவுக்கும் நூல் கேட்டு அனுமதி வர வாரக்கணக்கில் ஆகலாம். தலைப்பை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

பலன் உண்டா? இங்கிலாந்தில் 2002இல் வெளியான ஆய்வு, பயிற்சி பெற்றவர்கள் மீண்டும் குற்றம் செய்து தண்டனை பெறுவது குறைந்ததாகச் சொன்னது. அதற்கு அடுத்த ஆண்டு வெளியான ஆய்வுகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே பெரிய வாக்குறுதி எதுவும் தராதீர்கள். பயிற்சியைப் பாதியில் விட்டுவிடுபவர்களும் ஒரு சிக்கல்தான். ஆள் சேர்க்கும்போதே விடுதலைத் தேதி, வழக்கு வாய்தா, வேறு சிறைக்கு மாற்றும் உத்தரவு மூன்றையும் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.