கட்டணம் இருக்கட்டும், அம்மாவிடம் சொன்னீர்களா?

கேள்வி: அப்பா காலத்திலிருந்து பட்டறை நடத்துகிறேன். இந்த ஆண்டு லைசென்ஸ் கட்டணத்தை ஒரேயடியாக ஏற்றிவிட்டார்கள். பெரிய ஃபேக்டரிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரே விகிதத்தில் உயர்வு. அவர்களுக்கு அது கணக்கிலேயே வராத தொகை, எனக்கோ ஒரு மாத லாபம். கட்டணத்தைக் குறைக்கத்தான் பட்டறையை இரண்டாகக் காட்டி, பாதிக்கு அம்மா பெயரில் லைசென்ஸ் எடுத்திருந்தேன். அவருக்கு 71 வயது. இதெல்லாம் தெரியாது, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். இப்போது இரண்டுக்குமே ஏறிவிட்டது. சங்கம் கதவடைப்புக்குக் கூப்பிடுகிறது. போவதா, பேசாமல் கட்டிவிடுவதா, தொழிலையே மூடுவதா?

பதில்: லைசென்ஸ் கட்டணம் பற்றிய புலம்பல் கடிதம் எனக்குப் புதிதல்ல. உங்களுடையதில் முக்கால் பக்கம் கட்டணம், ஒரே ஒரு வரி அம்மா. நான் அந்த வரியைத் தாண்டிப் போகவில்லை. ‘காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்.’

எது அவ்வளவுதான், தம்பி?

அம்மா கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் ஓர் உறுதிமொழி இருக்கும்: மேற்கண்ட விவரங்கள் உண்மை, தவறென்று தெரிந்தால் நடவடிக்கைக்கு உட்படுகிறேன் என்று. அதைச் சொன்னது நீங்கள் இல்லை, உங்கள் அம்மா. நாளைக்கு மின்கசிவில் தீப்பிடித்தால் நோட்டீஸ் அவர் பெயருக்கு வரும். மிஷினில் ஒரு பையனின் விரல் போனால், முதலாளி யார் என்று கேட்கும்போது ஆவணம் அவரைக் கைகாட்டும். காயம்பட்ட தொழிலாளிக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று இந்தியாவில் 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. கல்லாப்பெட்டி உங்களிடம், வழக்கு வந்தால் அம்மாவிடம். நல்ல பாகப்பிரிவினை!

அந்தப் பாதியின் வருமானத்தில் அவர் கைக்கு மாதம் எவ்வளவு போகிறது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நடுவில் ஒரு பிளைவுட் தட்டி, வாசலில் இரண்டு பெயர்ப்பலகை, உள்ளே ஒரே ஃபோர்மேன். இந்த ஏற்பாடு அதிகாரிகளுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? வருங்கால வைப்பு நிதிக்கான 1952-ஆம் ஆண்டுச் சட்டமே, ஒரு நிறுவனத்தின் கிளைகளும் பிரிவுகளும் எங்கே இருந்தாலும் ஒரே நிறுவனம்தான் என்று அன்றே சொல்லிவிட்டது. முதலாளி ஒருவரா, நிர்வாகம் ஒன்றா, ஒன்றில்லாமல் மற்றது ஓடுமா என்றுதான் நீதிமன்றங்கள் பார்த்து வந்திருக்கின்றன. தட்டியை யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று. அம்மா பெயரில் மிஷின் வாங்கியிருக்கிறீர்களா, வங்கிக் கணக்கு திறந்திருக்கிறீர்களா? அப்படியானால் அவை அவருடைய சொத்து. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்துகிற குடும்பம் என்றால், உயில் இல்லாத நிலையில் அவருக்குப் பின் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. உங்களுக்கு அக்கா தங்கை உண்டா என்று எழுதவில்லை. இருந்தால், ‘அது சும்மா பேருக்குப் போட்டது’ என்று அப்போது அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். இந்த ஒரு வாக்கியத்தால் பேச்சுவார்த்தை அறுந்துபோன வீடுகளிலிருந்து எனக்கு நிறையக் கடிதம் வந்திருக்கிறது.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் ஏற்றுவது பார்க்கச் சமத்துவம் போலிருக்கும், சுமை முழுக்கச் சின்னவர் தலையில் இறங்கும். அதனால்தான் பரப்பளவு, மோட்டாரின் குதிரைத்திறன், ஆள் எண்ணிக்கை, விற்றுமுதல் என்று ஏதாவது ஓர் அளவை வைத்துப் படிநிலை வகுக்கிறார்கள். அந்தப் படிநிலை உங்களைப் போன்றவர்களைக் காப்பாற்ற வந்தது. பெரியவர்கள் சின்னவர் வேஷம் போடப் போடத்தான் ‘படிநிலையே வேண்டாம், எல்லோருக்கும் ஒரே ஏற்றம்’ என்று அலுவலகத்தில் யாராவது கோப்பில் எழுதுகிறார்கள். நீங்கள் பெரியவர் இல்லைதான். ஆனாலும் பாதிப் பட்டறைக்காரராக நடித்திருக்கிறீர்கள்.

‘எனக்கு என்ன சேவை செய்தார்கள், எதற்கு இவ்வளவு கட்டணம்?’ என்று கோர்ட்டுக்குப் போகலாம் என யாராவது தூண்டியிருப்பார்கள். கட்டணம் என்றால் அதற்கு ஈடாக ஏதாவது சேவை இருக்க வேண்டும் என்று 1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 1965-இல் கல்கத்தாவின் லிபர்ட்டி சினிமா வழக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 400 ரூபாயாக இருந்த தியேட்டர் லைசென்ஸ் தொகை 6,000 ரூபாயானது. இது வரி விதிக்கும் அதிகாரத்தில் வருகிறது, வரிக்கு ஈடாகச் சேவை காட்ட வேண்டியதில்லை, அதனால் செல்லும் என்று தீர்ப்பு. ஈடு என்பது காசுக்குக் காசு சரியாக இருக்க வேண்டியதில்லை என்றும் பின்னாளில் தீர்ப்புகள் வந்துவிட்டன. சேவை இல்லை என்ற ஒரே வாதத்தோடு படியேறினால் வக்கீல் கட்டணம்தான் மிச்சம்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்தத் தீர்மானத்தின்படி ஏற்றினார்கள்? ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தந்தார்களா? எந்த அளவுகோலில் தொகையைக் கணக்கிட்டார்கள்? 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பதிலை வைத்துக்கொண்டு, படிநிலையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி சங்கம் மனுக் கொடுக்கட்டும். ஒருநாள் கதவடைப்பால் உங்கள் ஒருநாள் கூலி போகும், வேறெதுவும் நடக்காது. போவதானால் உங்கள் இஷ்டம்.

அதற்கு முன் அம்மாவை உட்கார வைத்து அந்த விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். 71 வயதில் காது கேட்கும், புரியும். உங்களை வளர்த்தவருக்கு இதைப் புரிந்துகொள்ளும் அறிவு இல்லை என்று முடிவுகட்டியது நீங்களாக இருக்கும். கேட்டுவிட்டு அவர் ‘இருக்கட்டும்’ என்றால், முறையாகப் பத்திரம் எழுதிப் பங்குதாரராகச் சேர்த்து லாபத்தில் பங்கு கொடுங்கள். ‘வேண்டாம்ப்பா’ என்றால் அந்த லைசென்ஸை ஒப்படைத்துவிட்டு, முழுப் பட்டறைக்கும் உங்கள் பெயரில் எடுத்து, அதற்குரிய கட்டணத்தைக் கட்டுங்கள். கூடத்தான் வரும், கட்டுங்கள். ஒரு மாத லாபம் போகிறது என்பதற்காக அப்பா ஆரம்பித்த தொழிலை யாரும் மூடுவதில்லை.

புதுப்பிக்கக் கடைசித் தேதி என்றைக்கு என்று பாருங்கள். அது தாண்டினால் அபராதமும் சேரும். அந்த நோட்டீஸும் அம்மா பெயருக்குத்தான் வரும்.