வாசகர் கேள்விகள்: நார்வேயின் ஃபியோர்டு மலைகள்

கேள்வி: ஜூலையில் மனைவியும் நானும் நார்வேயின் மேற்குக் கரைக்குப் போகிறோம். பிரெய்க்கெஸ்தூலன் பாறைக்கு நாலு மணி நேரத்தில் போய்வந்துவிடலாம் என்கிறார்கள். அப்புறம் லோயன் ஊரிலிருந்து ஸ்கோலா சிகரம் ஏற ஆசை. 1,800 மீட்டர் சொச்சம்தானே, இதைவிட இரு மடங்கு உயரத்தில் நடந்த பழக்கம் எங்களுக்கு உண்டு. சிரமம் இருக்குமா?

பதில்: இருக்கும், நிறையவே. நீங்கள் முன்பு நடந்த இடங்களில் பாதி உயரம் வரை வண்டி கொண்டுபோய் விட்டிருக்கும். ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்த இடம். லோயனில் பாதை ஏறக்குறைய கடல் மட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது, ஆகவே அந்த 1,800 மீட்டர் முழுவதையும் உங்கள் கால்கள்தான் ஏற வேண்டும், அதே நாளில் இறங்கவும் வேண்டும். பிரெய்க்கெஸ்தூலன் லீசெ ஃபியோர்டுக்கு 604 மீட்டர் மேலே நிற்கிறது, ஆனால் வண்டி நிறுத்துமிடமே சுமார் 270 மீட்டரில் இருக்கிறது. அதை வைத்து ஸ்கோலாவைக் கணக்குப் போடாதீர்கள். வரைபடத்தில் சிகரத்தின் உயரத்தைப் பார்க்கும்போது பாதை எங்கே தொடங்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். மேல் பகுதியில் நேபாளத்து ஷெர்பாக்கள் அடுக்கிய கல் படிகள் இருக்கின்றன, ஏற எவ்வளவு உதவி என்று அங்கே தெரியும். உச்சியில் 1891இல் கட்டிய வட்டமான கல் கோபுரம் ஒன்று நிற்கிறது. காசநோயாளிகளுக்கு மலைக்காற்று நல்லது என்று நம்பி, க்ளௌமன் என்ற மருத்துவர் முன்னின்று கட்டியது! இப்போது அதில் மலையேறுபவர்கள் இரவு தங்குகிறார்கள். தங்கினால் இறக்கத்தை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம், முட்டிக்கு அது பெரிய உபகாரம். மனைவிக்கு முடியாது என்று தோன்றினால், அதே ஊரில் 2017 முதல் ஓடும் கம்பிவட ஊர்தி 1,011 மீட்டர் உயரமுள்ள ஹோவனுக்குக் கொண்டுபோய்விடும். அங்கிருந்து தெரியும் ஃபியோர்டும் குறைந்ததல்ல.

கேள்வி: கீழே வெயில் அடித்தால் மழைச்சட்டையை அறையிலேயே வைத்துவிட்டுப் போகலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று நேராக இந்த மலைகளில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மேகமாகிறது, அதனால் கரையில் வெயில் இருக்கும்போதே உச்சி மூடிக்கொள்ளும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறு டிகிரி குறையும், அதோடு காற்று வேறு. பருத்தி பனியன் நனைந்தால் உடல் சூடு போய்விடும், கம்பளி போடுங்கள். நிழல் விழும் சரிவுகளில் ஜூலையிலும் பனி கிடக்கும்.

பாதையோரக் கற்களில் சிவப்பு வண்ணத்தில் 'T' எழுத்து போட்டிருப்பார்கள், அடுத்த எழுத்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடுபனி வந்தால் திரும்பிவிடுங்கள். நானும் ஒருமுறை உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அப்படித்தான் திரும்பினேன். அன்று ரொம்ப வருத்தம், ஆனால் இன்றும் அதைச் சரியென்றே நினைக்கிறேன். நார்வேக்காரர்களின் மலை விதிகள் ஒன்பதில் ஒன்றே இதுதான்: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை.

கேள்வி: வழியில் கூடாரம் போட அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: பொதுவாக வேண்டாம். 1957ஆம் ஆண்டுச் சட்டம் பயிரிடாத நிலத்தில் எல்லோரும் நடக்கவும் தங்கவும் உரிமை தருகிறது. ஆள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, ஒரே இடத்தில் இரண்டு இரவு வரை. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டுக்குள்ளும் அதையொட்டியும் தீ மூட்டத் தடை உண்டு, நீங்கள் போவது அந்த நாட்களில்தான்.