வேலைக்குப் போன பிள்ளை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (தலவாக்கலை): அக்கா, என் தங்கச்சி மகளுக்கு 14 வயது. கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டு எட்டு மாதம். போன் எடுத்தால் "நல்லா இருக்கேன்" என்று மட்டும்தான் சொல்கிறாள். பயப்பட வேண்டுமா?

பதில்: ஆமாம், சும்மா விடாதீர்கள். 2021 முதல் இலங்கையில் வேலைக்கு அமர்த்தக் குறைந்தபட்ச வயது 16. அவள் வயிறாரச் சாப்பிட்டாலும் அங்கே இருக்கக் கூடாது. ஒருமுறை வேறொரு தாய் என் முன்னால் இருந்து, வேலைக்குப் போன மகளிடம் போனில் பேசினார். பிள்ளை ஒவ்வொரு பதிலுக்கும் முன் கொஞ்சம் நிறுத்தினாள். பக்கத்தில் யாரோ சிங்களத்தில் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது. அதனால் "ஆமா", "இல்லை" என்று முடிகிற மாதிரிக் கேளுங்கள்: பக்கத்தில் ஆள் இருக்கா? சம்பளம் கையில் தந்தார்களா? வெளியே போக விடுகிறார்களா? பதில் எதுவானாலும் 1929க்கு அழையுங்கள். அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். வீட்டு விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் முதலில் சண்டைக்குப் போக வேண்டாம், பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

கேள்வி (பதுளை): அம்மா குவைத்தில். பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர் வைத்திருக்கிறார். ஊருக்கு வரக் கேட்டால், எங்களுக்குத் தந்த முற்பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்கிறார் தரகர்.

பதில்: நம் பாட்டன்மாரைத் தோட்டத்தில் கட்டிப்போட்டதும் இதே கடன்தான். ஒருவருக்கு எவ்வளவு கடன் என்று எழுதித் தோட்டம் தந்த சீட்டுதான் 'துண்டு'; அந்தக் கடனை யாராவது கட்டினால்தான் வேறு தோட்டத்துக்குப் போக முடியும். அந்தத் துண்டு முறையையே 1921இல் ஒழித்துவிட்டார்கள். கடனைக் காட்டி ஒரு ஆளைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை, தம்பி. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறைப்பாடு செய்யுங்கள். பாஸ்போர்ட் பிரதி, ஒப்பந்தம், தரகர் அனுப்பிய மெசேஜ் எல்லாம் பத்திரம், எதையும் அழிக்க வேண்டாம். அம்மாவால் வெளியே வர முடிந்தால் இலங்கைத் தூதரகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி (மஸ்கெலியா): வேலைக்குச் சொந்த விருப்பத்தில்தானே போனார்கள், இது எப்படி ஆட்கடத்தல் குற்றம் ஆகும்?

பதில்: ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. தண்டனைச் சட்டக்கோவையில் 2006இல் ஆட்கடத்தல், அதாவது ஏமாற்றியோ மிரட்டியோ ஆளைக் கொண்டுபோய்ச் சுரண்டுவது பற்றிய பிரிவு சேர்ந்தது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், பெற்றோர் சம்மதித்தாலும் செல்லாது.

கேள்வி (ஹட்டன்): தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலையாம், விசிட் விசாவில் போகச் சொல்கிறார்கள்.

பதில்: போகாதே தம்பி. அப்படிப் போன நம் நாட்டுப் பிள்ளைகளை எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோய், இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைத்தார்கள். அந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேள். பணம் கட்டிவிட்டாயா? ரசீதோடு நாளைக்கே வந்து என்னைப் பார்.