வெள்ளை அணு இத்தனை இருந்தும் கன்று ஏன் தேறவில்லை?

கேள்வி: என் ஐந்து மாத எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினக் கிடேரிக் கன்றுக்குச் சளியும் கழிச்சலும் மாறி மாறி வருகின்றன. ஈறு புண்ணாகிப் பல் ஆடுகிறது. கொம்புக் குருத்தைச் சுட்ட இடம் இன்னும் ஆறவில்லை. ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 60,000 என்று வந்திருக்கிறது. நோயை எதிர்ப்பது வெள்ளை அணுதானே? பிறகு ஏன் தேறவில்லை? தாய்ப்பசு பிறந்ததும் கன்று பிறந்ததும் எங்கள் ஊர்க் காளை ஒன்றுக்கே.

பதில்: நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான் என்னை நிறுத்தியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கிருமி இருப்பது நுரையீரலிலும் ஈறிலும். வெள்ளை அணு ரத்தத்தை விட்டு வெளியேறி அங்கே போயாக வேண்டும். வீக்கம் கண்ட இடத்தில் அது ரத்தக்குழாயின் உட்சுவரில் உருண்டு, அங்குள்ள புரதத்தை இறுகப் பற்றி நின்று, இடுக்கு வழியே திசுவுக்குள் நுழையும். பற்றிக்கொள்ள உதவுபவை அதன் மேற்பரப்பில் இருக்கும் இன்டெக்ரின் புரதங்கள். அவற்றில் சிடி18 என்ற பகுதி பழுதானால் அணுவுக்குப் பிடி கிடைக்காது. ரத்த ஓட்டத்தோடே போய்விடும். உடல் மேலும் மேலும் அணுக்களை உற்பத்தி செய்யும். 4,000 முதல் 12,000 வரை இருக்க வேண்டியது இப்படித்தான் எகிறும்.

சுட்ட புண்ணை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சீழ் என்பது பெரும்பாலும் செத்த வெள்ளை அணுக்களே. இவ்வளவு நாள் ஆறாத புண்ணில் சீழ் அதிகம் இல்லையென்றால் என் சந்தேகம் வலுக்கிறது.

சந்தேகம், இந்த சிடி18 பழுதாகவே பிறக்கும் 'பிளாட்' (BLAD) என்னும் பரம்பரைக் குறைபாட்டின் மேல். 1952இல் அமெரிக்காவில் பிறந்த ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ என்ற ஹோல்ஸ்டீன் காளையின் வம்சத்தில் வந்தது. சினை ஊசியோடு உலகெங்கும் பரவியது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சோதித்த ஹோல்ஸ்டீன் காளைகளில் சுமார் 14 சதவீதம் இதைச் சுமந்தன. சுமக்கும் மாடு நோயின்றி இருக்கும், பாலும் குறையாது. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால் மட்டுமே கன்று நோயில் விழும். உங்கள் கன்றுக்கு நடந்ததுபோல், காளையை அதன் மகளோடே சேர்த்தால் அந்த ஆபத்து கூடாமல் என்ன செய்யும்?

கால்நடை மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள். வைரஸ் கழிச்சல் நோயும் ஏறக்குறைய இப்படியே தோன்றும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பிளாட் என்று உறுதியானால் ஆன்டிபயாடிக் ஊசி கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவே. பெரும்பாலான கன்றுகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. கடன் வாங்கி வைத்தியம் பார்க்க வேண்டாம்.

தாய்ப்பசுவை விற்கத் தேவையில்லை. அடுத்த சினைக்கு ஜெர்சி ஊசி போடுங்கள், அல்லது பிளாட் சோதனை செய்த எச்.எஃப். காளையின் உறைவிந்து கேளுங்கள். உறைவிந்துக் குச்சியின் மேல் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைக் குறித்து வையுங்கள். கன்றுக்கு உறுதியானால் ஊர்க் காளையும் இதைச் சுமக்கிறது என்றே அர்த்தம். அதன் சொந்தக்காரரிடம் தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொல்லிவிடுங்கள்.