ஜனவரியில் டெல்லியிலிருந்து மலைக்குக் கார் எடுத்துப் போகிறவருக்கு

தம்பி, திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி டெல்லி வந்து ஆறு மாதம் ஆகிறது, ஜனவரியில் சொந்தக் காரில் குடும்பத்தோடு சிம்லாவுக்கு மேலே குஃப்ரி, நார்கண்டா போகலாமா, மயூர் விஹாரில் வாடகை எப்படி, பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தரும் பள்ளி எது என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கு டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டிடிஇஏ) பள்ளிகள் இருக்கின்றன, நேரில் போய்ப் பேசுங்கள். வாடகை தெருவுக்குத் தெரு மாறும், நடந்து பார்த்தால்தான் தெரியும். கார் விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நானும் தெற்கேயிருந்து வந்தவன்தான். நமக்கு மழை ரோடு அத்துபடி, உறைந்த ரோடு பழக்கமில்லை. மழையில் ஓட்டிய கை அங்கேயும் அதே மாதிரி ஓட்டப் பார்க்கும், ஆபத்து அதில்தான் இருக்கிறது.

பனி கொட்டும்போது ரோடே வெள்ளையாக இருப்பதால் எல்லோரும் தானாகவே மெதுவாகப் போவார்கள். பயப்பட வேண்டியது மறுநாள் காலையை. பகல் வெயிலில் ஓரத்துப் பனி உருகித் தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடும். வெயில் இறங்கியதும் அது நிறமே இல்லாத மெல்லிய ஏடாக உறைந்துவிடும். அடியில் தார் அப்படியே தெரிவதால் வெறும் ஈரம் என்று நினைப்பீர்கள். பிளாக் ஐஸ் என்பது இதைத்தான். சிம்லாவைத் தாண்டிக் குஃப்ரி, ஃபாகு வரை மர நிழல் விழும் வளைவுகளில் காலை பத்து மணிக்குக்கூட இது கிடக்கும். பாலங்களின் மேலே இன்னும் சீக்கிரம் உறையும், அடியிலும் குளிர்காற்று போகிறதல்லவா. முன்னே போகும் வண்டியின் டயரிலிருந்து தண்ணீர் தெறிப்பது சட்டென்று நிற்கும், உங்கள் டயர்ச் சத்தம் அடங்கும், ஸ்டியரிங் லேசாகும். இந்த மூன்றில் எது தெரிந்தாலும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள்.

அதனால் நேரம்தான் முக்கியம். இங்கே பல வருடம் இருக்கும் நம் ஆட்கள் சிலர், வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் ஒரு நாள் லீவு மிச்சம் என்று யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். சிம்லா சுமார் 350 கிலோமீட்டர். அப்படிப் போனால், பானிபட் பக்கம் மூடுபனியில் கண் விழித்து ஓட்டிய களைப்போடு, ரோடு மிக மோசமாக வழுக்கும் விடியற்காலையில் குஃப்ரி ஏற்றத்தில் நிற்பீர்கள். காலையில் மூடுபனி விலகியபின் கிளம்பி, சிம்லாவுக்கு முன்னால் வரும் சோலனில் தங்குங்கள். மறுநாள் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் மேலே ஏறிவிடுங்கள்.

காய்ந்த ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் சுமார் 9 மீட்டரில் வண்டி நிற்கும். ஐஸ் மேல் அதே வேகத்தில் 60 மீட்டர் தாண்டும். இது சமதளக் கணக்கு. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில் ஐஸ் இருந்தால் 20 கிலோமீட்டர் வேகத்தில்கூட வண்டி நிற்காமல் சறுக்கிக்கொண்டே போகும். ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது என்ற தைரியம் இங்கே எடுபடாது. அது வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது.

நம் டயர்களின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும். சட்டப்படி டயர்க் கோடுகளில் 1.6 மில்லிமீட்டர் பள்ளம் போதும், பனிக்கு 4 மில்லிமீட்டராவது வேண்டும். பனியில் பிடிப்புக்காக டயரைச் சுற்றி மாட்டும் செயின் வாங்கினால் டயரில் எழுதியிருக்கும் அளவுக்கே வாங்குங்கள். முன் சக்கரம் இழுக்கும் கார் என்றால் முன்னால்தான் மாட்ட வேண்டும். வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பழகுங்கள், விறைத்த விரலோடு இருட்டில் பழக முடியாது. மாட்டி நூறு மீட்டர் போனதும் இறங்கி மறுபடி இறுக்குங்கள். செயினோடு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அறுந்து பிரேக் ஹோஸை அடிக்கும்.

ஏற்றத்தில் இரண்டாவது கியரில் கிளப்புங்கள், சக்கரம் சுழலாது. இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாவதுக்கு வந்து கிளட்ச்சை மெதுவாக விடுங்கள், சட்டென்று விட்டால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். நியூட்ரல் கூடவே கூடாது. பிரேக் அடித்தே தீர வேண்டிய நிலை வந்தால், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பெடல் காலடியில் கடகடவென்று அதிரும். பயந்து காலை எடுக்காதீர்கள், அழுத்தியே வைத்திருங்கள். பின்பக்கம் இடது பக்கம் வீசினால் ஸ்டியரிங்கையும் இடது பக்கமே திருப்புங்கள். முன்பக்கம் திரும்பாமல் நேரே போனால் ஸ்டியரிங்கை இன்னும் ஒடிக்காமல் கொஞ்சம் தளர்த்துங்கள். வேகம் குறைந்து டயர் பிடித்ததும் தானே திரும்பும்.

டெல்லி வெயிலில் கூலண்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது நம்மவர்கள் வழக்கம். அந்த வண்டி மலையில் ஓர் இரவு நின்றால் ரேடியேட்டர் வெடிக்கும். கிளம்பும் முன் முழுதாக மாற்றிவிடுங்கள், கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 30 வரை தாங்கும். இரவில் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், உறைந்து ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

மணாலிப் பக்கம் போவதானால் இன்னொன்று. 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறக்கும் முன்பு, ரோதாங் கணவாய் மூடினால் குளிர்காலம் முழுக்க அதற்கு அப்பால் இருக்கும் லாஹௌல் பள்ளத்தாக்குக்குக் கார் போகாது.  இப்போது 9 கிலோமீட்டர் சுரங்கத்தைத் தாண்டினால் லாஹௌலின் சிஸ்ஸு கிராமம் வந்துவிடும் என்று எல்லோரும் ஒரே நாளில் கிளம்புகிறார்கள். 2024 டிசம்பர் கடைசியில் மணாலிக்கு மேலே இருக்கும் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான வண்டிகள் மாட்டிக்கொண்டன. அப்படி மாட்டினால் ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். சைலன்சர் வாயைப் பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனை கிடையாது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீயில் பனியில் சிக்கிய கார்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், சிலர் இந்தப் புகையால். ஒரு சின்ன மண்வெட்டி கொண்டுபோங்கள். சைலன்சரைச் சுற்றித் தோண்டிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஹீட்டர் போட்டு, காற்றுக்கு ஒரு கண்ணாடியை விரலளவு இறக்கிவையுங்கள். வரிசையை உடைத்து எதிர்ப்பக்கம் ஏற்றும் டெல்லிப் பழக்கத்தை மட்டும் அங்கே காட்டாதீர்கள். பனி தள்ளும் இயந்திரம் மேலே வர அந்தப் பக்கம்தான் வழி.